பக்கிங்காம் தனி ஆளாக உயரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான இங்கிலாந்து அரசவை பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஜார்ஜ் வில்லியர்ஸின் அழகில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் மயங்கினார், அதனால் அந்த இளைஞர் பக்கிங்காம் டியூக் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் பெற்றார் என்பதோடு கட்டுரையாளர் நிறுத்திக்கொண்டது எனக்கு மிகுந்த வருத்தம். அரச தயவைத் தேடிப் பெற்றவை குடும்பங்கள். அதற்கு விலை கொடுத்தவர்களும் அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே இருந்தார்கள்.

1614இல் மன்னர் முன் வில்லியர்ஸ் வந்து நின்றதற்கே பின்னணி உண்டு. அப்போது ராபர்ட் கார் என்ற சாமர்செட் பிரபுவும் அவருடைய மாமனார் வீட்டாரான ஹோவர்டு குடும்பமும் செல்வாக்கின் உச்சத்தில் இருந்தார்கள். அவர்களை வீழ்த்த ஒரு புதுமுகம் தேவைப்பட்டது. பெம்புரோக் பிரபுவும் பேராயர் அபட்டும் வில்லியர்ஸுக்குத் துணை நின்றார்கள். மன்னரின் மனைவி அரசி ஆன் என்பவரையும் பரிந்து பேச வைத்தார்கள். 1615இல் மன்னரின் படுக்கையறைப் பணி அவருக்குக் கிடைத்தது. மன்னரை எந்நேரமும் நெருங்கிப் பேச முடிகிற பணி அது. மனுவோடு வருபவர்கள் அப்படிப்பட்டவரைத்தான் நாடினார்கள்.

மகனைப் பிரான்சுக்கு அனுப்பி நடனமும் வாள்வீச்சும் கற்க வைத்தவர் தாய் மேரி. 1618இல் அவரே பக்கிங்காம் கவுண்டஸ் ஆனார். பிள்ளைகளில் ஜானுக்குப் பர்பெக் வைகவுண்ட், கிறிஸ்டோபருக்கு ஆங்கில்சி ஏர்ல் என்ற பிரபுப் பட்டங்கள் கிடைத்தன. தந்தையின் மூத்த தாரத்து மகன் எட்வர்டுக்குத் தங்க, வெள்ளி நூல் ஏகபோக உரிமையில் பங்கு இருந்தது. இத்தகைய உரிமைகளின் மீது எழுந்த கோபம்தான் 1621 நாடாளுமன்றத்தில் வெடித்தது.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத பெண் பிரான்சஸ் கோக். இவரைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். தந்தை எட்வர்டு கோக் நாட்டின் மிகப் பெரிய சட்ட அறிஞர். 1616இல் தலைமை நீதிபதி பதவி பறிபோனதும், இழந்த தயவை மீட்க, பதின்வயது மகளை ஜான் வில்லியர்ஸுக்குக் கொடுக்க முடிவு செய்தார். தாய் லேடி ஹாட்டன் சம்மதிக்கவில்லை. மகளை ஒளித்து வைத்தார். கோக் ஆட்களோடு போய்க் கதவை உடைத்து மகளை இழுத்து வந்தார். 1617 செப்டம்பரில் ஹாம்ப்டன் கோர்ட்டில் மன்னர் முன்னிலையில் திருமணம் நடந்தது. அதே மாதம் கோக்குக்கு மந்திராலோசனைச் சபையில் இடம் திரும்பக் கிடைத்தது. சட்டத்துக்காக மன்னரையே எதிர்த்த மனிதர் என்று கோக்கைக் கொண்டாடுகிறோம். கொண்டாடுவோம், ஆனால் அந்தக் கதவை உடைத்ததும் அவர்தான் என்பதையும் எழுத வேண்டும்.

சில ஆண்டுகளில் ஜானுக்கு மனநோய் கண்டது. பிரான்சஸ் ராபர்ட் ஹோவர்டை விரும்பி ஒரு மகனைப் பெற்றார். வெள்ளைத் துணி போர்த்தி வெறுங்காலோடு ஊரறியப் பாவப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அதற்குப் பணியாமல் தப்பிவிட்டார்.

1628இல் போர்ட்ஸ்மவுத்தில் ஜான் ஃபெல்டன் என்ற படைவீரர் பக்கிங்காமைக் கத்தியால் குத்திக் கொன்றார். கட்டுரையும் அங்கேயே முடிகிறது. குடும்பத்தின் செல்வாக்கு முடியவில்லை. மேலே சொன்ன எட்வர்டு வில்லியர்ஸின் பேத்திகள் இருவர்: பார்பரா மன்னர் இரண்டாம் சார்லஸின் காதலி, எலிசபெத் மன்னர் மூன்றாம் வில்லியமின் காதலி. பார்பராவின் கணவருக்கு 1661இல் தந்த ஏர்ல் பட்டம்கூட, பார்பரா பெறும் ஆண் வாரிசுகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்டது. எலிசபெத்துக்கு வில்லியம் வழங்கிய அயர்லாந்து நிலங்களை 1700இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் திரும்ப எடுத்தது.

இந்தத் தொடர் இன்னும் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பிரான்சஸுக்கும் லேடி ஹாட்டனுக்கும் அதில் ஒரு முழுக் கட்டுரை ஒதுக்குமாறு கட்டுரையாளரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.