என்னைத் திருத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வருகிற மாதம் அலுவலகச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். பிரியாவிடைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து நன்றி சொல்லலாமே என்றார்கள். எனக்கு அது சரிவராது. பாதிப் பேரை மறந்துவிடுவேன், மறந்த பாதிதான் முக்கியமான பாதியாக இருக்கும். அதனால் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் போடவில்லை. உங்களில் பலர் அரச உத்தியோகத்தில் இருக்கிறீர்கள், சிலருக்குப் பெயர் வெளியே வருவதே பிடிக்காது. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு இடம் தந்த கொக்குவில் வீட்டுக்கார ஐயாவுக்கு. 2021 ஐப்பசியில், 'காலநிலை மற்றும் வலுசக்திப் பரப்புரை, பிராந்திய அலுவலகம்' என்று கொழும்பில் அடித்த பெயர்ப்பலகையோடு வந்து இறங்கினேன். ஐயா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "பிள்ளை, இந்த ஊரில 'பரப்புரை' எண்டு எழுதிவைச்சால் முதல் வாறது சனமில்லை, விசாரிக்கிற ஆக்கள்தான்" என்றார். அன்றைக்கே பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் 'காலநிலை, மின்சாரம் – தகவல் நிலையம்' என்று பெயின்ரால் எழுதினோம். அப்புறம் முதல் கிழமை வந்தவர்களில் பாதிப் பேர் கரன்ட் பில் கட்ட வந்தவர்கள். அவர்களையும் இருத்தித் தேநீர் கொடுத்துக் கதைத்தோம். எங்கள் முதல் கூட்டங்களே அவைதான் என்று சொல்லலாம்.

வந்து ஆறு மாதம் ஆகவில்லை, நாடே இருண்டுவிட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோல் வரிசை ஒரு சந்தியில் தொடங்கி அடுத்த சந்தியையும் தாண்டியது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த நேரம் பார்த்து நான் குருநகரில் போய், பூமி எப்படிச் சூடாகிறது என்று பேச்சைத் தொடங்கினேன். பின்வரிசையில் இருந்து ஒரு அண்ணை, "தங்கச்சி, அது சூடாகட்டும், மண்ணெண்ணெய் எப்ப வரும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. கூட்டம் முடிந்ததும் அவர்தான் என் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தந்தார். அண்ணை, அந்தக் காற்றுக்கும் கேள்விக்கும் சேர்த்து நன்றி.

அதே மாதங்களில்தான் சனசமூக நிலையத்தில் அந்த ஓய்வுபெற்ற ரீச்சரைச் சந்தித்தேன். நாடு முழுக்க மின்வெட்டைப் பேரிடி மாதிரிப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பதறவில்லை. போர்க்காலத் தொண்ணூறுகளைக் கண்டவர். போர் முடிந்து சில வருடங்கள் வரைகூட யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையோடு சேரவில்லை. ஜாம் போத்தலுக்குள் திரிபோட்டுப் படித்ததும், சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி ரைனமோவில் ரேடியோ கேட்டதும் அவருக்குக் கதை இல்லை, அன்றாடம். என் விளக்கப் படங்களைப் பார்த்துவிட்டு, "இதை விடும். பிள்ளையளிட்ட ஒரு கொப்பி குடும்" என்றார். வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு எழுதிவரச் சொன்னார்: ஒரு போத்தல் எண்ணெய் எத்தனை இரவுக்குக் காணும், எதற்கு முதல் வெளிச்சம் கொடுத்தீர்கள். வந்த கொப்பிகளில் திரும்பத் திரும்ப ஒரே விடை. விளக்கு படிக்கிற மேசைக்கு, சமையலைப் பொழுதுபட முன்னமே முடித்துவிடுவோம். சிக்கனம் பற்றி நான் அச்சடித்துக் கொண்டுவந்த துண்டுப்பிரசுரங்கள் இன்னும் அலுமாரிக்குள்தான் கிடக்கின்றன. ரீச்சர், உங்களுக்கு நன்றி சொன்னால் கோபம் வரும், தெரியும்.

உரும்பிராய்த் தோட்டக்கார ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். எங்கள் முதல் பெரிய கோரிக்கை, சோலர் இறைப்பு மெசினுக்கு மானியம். மண்ணெண்ணெய்ச் செலவு குறையும், புகை இல்லை, வெங்காயக்காரருக்கு நாலு காசு மிஞ்சும். இதில் யார் குறை சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஐயா மண்வெட்டியை வரம்பில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "எண்ணெய்க் காசுதான் பிள்ளை எங்களை மெசினை நிற்பாட்ட வைக்குது. வெயிலுக்குக் காசில்லை எண்டால் ஆர் நிற்பாட்டுவான்?"

இரவு நித்திரை வரவில்லை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுந்தான் ஆறு. சுண்ணாம்புக் கல்லுக்குள் மாரி மழை இறங்கி, கீழே இருக்கும் கடல்நீருக்கு மேல் ஒரு மெல்லிய நல்லதண்ணீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருப்பது மேலே ஏறும், கிணறு உவராகும். இது எனக்கும் தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் மானியக் கோரிக்கையையும் இந்த அறிவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்ததில்லை. கோரிக்கையைத் திருப்பி எழுதினோம். மெசினோடு தொட்டியும் சொட்டுநீர்க் குழாயும் சேர வேண்டும், மிஞ்சும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்க வழி வேண்டும். அப்போதுதான் மெசினை நிற்பாட்டுவதிலும் ஒரு இலாபம் இருக்கும்.

அப்புறம் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க லைற் போனது. பாவனை குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சோலர் மின்சாரம் கூடுதலாக இருந்ததும் மின்வலையைத் தளர்த்திவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிற்பாட்டச் சொல்லி அறிவித்தல் வந்தது. ஐயா உடனே போன் எடுத்தார்: "விற்கலாம் எண்டீர், இப்ப வாங்க ஆளில்லையாம்!" சரி, பற்றரியைப் பற்றிப் பேசாமல் பனலை மட்டும் பேசியது என் தவறு. அதையும் நீங்கள்தான் சொல்லவேண்டியிருந்தது ஐயா.

சுன்னாகத்து வீடுகளுக்கு நன்றி சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். உங்கள் கிணறுகளில் மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் மிதந்த காலத்தில் நான் கொழும்பில் இருந்து செய்தி வாசித்தவள். 2019இல் உயர்நீதிமன்றம் அந்த மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னபோதும் அங்கேதான். பிறகு நானும் வெறும் போத்தலோடு வந்து நின்றேன். "இது எத்தினையாவது போத்தல் எண்டு தெரியுமோ?" என்று ஒரு அக்கா கேட்டார். தண்ணீர் எடுத்துப்போனவர்கள் முடிவைக் கொண்டுவந்து காட்டுவதில்லையாம். அதன்பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி வைத்தோம்: எந்த வீட்டில் எதை எடுத்தாலும், அந்த வீட்டு வாசலில் போய் முடிவை வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் அறிக்கை எழுதுவது. வேலை இரட்டிப்பானது. ஆனால் கதவுகள் திறந்தன.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் இருந்து எத்தனை தரம் போட் ஏறினேனோ கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் வாந்தி. என் தலையைப் பிடித்துவிட்ட அம்மாமார் அத்தனை பேருக்கும் நன்றி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின்திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்குப் போய், நின்று, 2022இல் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. வெயிலில் 1,700 கிலோவாட், காற்றில் 530, கூடவே பற்றரி. பத்திரிகைகள் இரண்டு பெரிய நாடுகளின் இழுபறியைத்தான் எழுதின, நானும் அதைத்தான் கேட்கப்போனேன். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கேட்டது ஒன்றே ஒன்று: "லைற் கிடக்கட்டும். ஐஸ் இங்கயே அடிக்கலாமோ?" பிடித்த மீனைக் கெடாமல் கரைசேர்க்கும் கவலை அவருக்கு. வல்லரசுகளைப் பற்றி நான் தயாரித்திருந்த 8 கேள்விகளும் பையிலேயே இருந்தன. பிறகு நாங்கள் எழுதிய கடிதங்களிலெல்லாம் ஐஸ் முதல் வரியில் வந்தது.

மன்னாரில் என்னைத் திட்டியவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. தீவில் ஏற்கெனவே 30 காற்றாலைகள். இன்னும் வேண்டாம் என்று 2025இல் நீங்கள் தெருவில் இருந்து போராடியபோது, காற்றாலையை ஆதரித்துப் பேசும் அலுவலகத்தில் இருந்து வந்தவள் நான். மழைவெள்ளம் வடியாததையும், வலசைப் பறவைகளையும் சொன்னீர்கள். காற்று மின்சாரம் வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. எங்கே, யாரைக் கேட்டு என்பதில் நீங்கள் சொன்னதுதான் சரி. இதைத் தலைமையகத்துக்கு எழுதியதால் வந்த சண்டையை இங்கே விரிக்க வேண்டாம்.

நிதி தந்த இடமொன்று இடைநடுவில் கைவிரித்த மூன்று மாதம் வாடகை கேட்காத ஐயாவுக்கு இரண்டாம் தரமும் நன்றி. அந்த நாட்களில் கணக்குக்கு வடையும் தேநீரும் தந்த கடைக்கார அண்ணைக்கு, சம்பளம் பிந்தியும் ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்த தம்பி தங்கச்சிமாருக்கு, நாங்கள் சொல்ல முன்னமே கோப்பைத் தேடி எடுத்துவைத்த பிரதேச செயலக மிஸ்ஸுக்கு, என் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும் தமிழைச் சிவப்புப் பேனையால் தீர்த்துக்கட்டிய பல்கலைக்கழகத் தம்பிக்கு. அம்மாவுக்கும். "இந்த வெயிலுக்குள்ள வெயிலைப் பற்றியே கதைக்கப் போறியோ" என்று நாள்தோறும் கேட்டாலும் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டித்தராமல் விட்டதில்லை.

கடைசியாக ஒன்று. 2022இல் நான் மும்முரமாக ஏற்பாடு செய்த முதல் மாவட்டக் கூட்டத்துக்கு 120 கதிரை போட்டோம், வந்தவர்கள் 7 பேர். அதில் இருவர் கதிரைக்காரர்கள். அன்றைக்கு நல்லூர்க் கந்தசாமி கோயில் தேர்த் திருவிழா. ஊரில் பிறந்தவள் எப்படி அதை மறந்தாள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், என்னிடம் பதில் இல்லை. அடுத்துப் பொறுப்பேற்க வருபவர் வெளியூர். தயவுசெய்து யாராவது முதல் நாளே ஒரு பஞ்சாங்கக் கலண்டரைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வையுங்கள்.

அன்போடு,
உங்கள் 'கரன்ட் ஒபீஸ்' மிஸ்
யாழ்ப்பாணம்