பந்து மேல் பழி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் படிவம் மூன்று படிக்கும் பையனுக்கு முட்டிக்கு மேலே எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து, லிப்டுக்கு நிற்கும்போதெல்லாம் ஒரே பேச்சு: பந்து விளையாடி விழுந்தானே, அதனால்தான். பாவம், அவனைத் திடலுக்கு அனுப்பிய அம்மா இதைக் கேட்டுக் கேட்டே பாதியாகிவிட்டார். அடிபட்டால் இந்த நோய் வருவதில்லை. அடிபட்ட இடத்தைப் படம் எடுக்கும்போது ஏற்கெனவே இருந்தது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோய் அரிது, பெரும்பாலோருக்குக் காரணமே தெரிவதில்லை. முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், விழித்திரைப் புற்றுநோய் தரும் ஆர்பி1 மரபணுக் கோளாறோடு பிறந்தவர்கள், வயதானவர்களில் எலும்பு தாறுமாறாக வளர்ந்து பலவீனமாகும் பேஜட் நோய் உள்ளவர்கள், இவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஆஸ்டியோசர்கோமா என்ற வகை, எலும்பு மளமளவென்று வளரும் பதின்ம வயதில், முட்டியைச் சுற்றித்தான் அதிகம் வருகிறது. நாமோ ‘வளர்ற பிள்ளை, வலிக்கத்தான் செய்யும்’ என்று எண்ணெய் போட்டு நீவியே இரண்டு மாதம் ஓட்டிவிடுகிறோம். தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வடியாத வீக்கம் என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், அந்த அம்மாவிடம் பந்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

வாசகர், பினாங்கு