எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்புக்கு: மெனார் தம்பதியரின் கதையை நீங்களே சொல்லுங்கள்

பாரிசிலுள்ள எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜனை யன்னலுக்கு வெளியே நின்று சுட்டுக் கொன்றார்கள். அவருக்காக வெளியுலகில் நீதி கேட்ட ஊடகச் சுதந்திர அமைப்புகளில் உங்களுடையதும் ஒன்று. அன்று உங்கள் செயலாளர் நாயகமாக இருந்தவர் ரொபேர் மெனார். அந்த நன்றி எங்களுக்கு இன்றும் உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

மெனாரின் மனைவி எம்மானுவேல் மெனாரும் ஊடகவியலாளர். சட்டம் படித்தவர், மனித உரிமைகளுக்கான சர்வதேச சம்மேளனத்தில் வேலை செய்தவர். பின்னாளில், கணவர் 2012இல் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய 'புல்வார் வொல்தேர்' என்ற வலதுசாரி இணையத்தளத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். 2017இல் தீவிர வலதுசாரித் தலைவர் மரின் லெ பென்னின் கட்சி ஆதரவு கொடுக்க, தென் பிரான்சின் ஏரோ மாவட்டத்தின் 6ஆம் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். கட்சியில் மட்டும் சேரவில்லை. 577 பேர் உள்ள அவையில் 15 பேர் இருந்தால்தான் ஒரு நாடாளுமன்றக் குழு அமைக்கலாம். எந்தக் குழுவிலும் சேராமலே, சுயேச்சையாக, ஏழு ஆண்டுகள் இருந்தார். கடைசியில், 2024இல், அதே கட்சி நிறுத்திய வேட்பாளரிடமே தோற்றார்.

ஊடகவியலாளர் அரசியலுக்குப் போவதையோ வலதுசாரி ஆவதையோ நான் குறை சொல்ல வரவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்தத் தொகுதியிலுள்ள பெசியே நகரத்தின் வாக்காளர்கள். என் கவலை அந்தச் 'சுயேச்சை' என்ற பெயரைப் பற்றியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மேயராகவும் இருக்கக்கூடாது என்ற 2014ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 2017இல்தான். பெசியேயில் 2014 முதல் கணவர் மேயர், 2017 முதல் 2024 வரை மனைவி நாடாளுமன்ற உறுப்பினர். சட்டம் மீறப்படவில்லை, உண்மை. ஆனால் நகரத்தின் நிர்வாகமும், பாரிசில் அதன் குரலும், அவற்றுக்கு முன்னரே ஒரு செய்தித்தளமும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. கட்சிக்குக் கட்டுப்படாதவர் அதிகாரத்துக்கும் தூரமானவர் என்று எப்படி நம்புவது?

அந்த அதிகாரம் செய்தியை என்ன செய்யும் என்பதற்கு 2015 செப்டெம்பர் மாத பெசியே நகரசபை இதழைப் பாருங்கள். மக்கெடோனியாவில் அகதிகள் முண்டியடித்து ரயில் ஏறும் படம், ஏஎஃப்பி என்ற பிரெஞ்சுச் செய்தி நிறுவனத்தின் படம், அட்டையில். 'வருகிறார்கள்' என்று தலைப்பு. ரயில் யன்னல்களில், மூலப்படத்தில் இல்லாத அறிவிப்புத் தாள்களை ஒட்டியிருந்தார்கள்: பெசியே இத்தனை கிலோமீட்டர்; எல்லோருக்கும் இலவசப் பள்ளி, தங்குமிடம், உதவிப்பணம். கைக்குழந்தைகளோடு போரிலிருந்து ஓடி வந்தவர்களின் முகத்துக்கு மேல் ஒரு பொய். ஏஎஃப்பி கண்டித்தது. அந்த மாதம் சிரிய அகதிகளிடம் போய் "நீங்கள் இங்கே வரவேற்கப்படவில்லை" என்று சொன்ன மேயர், 2022இல், உக்ரேன் போர் தொடங்கிய பின், அதற்காக வருந்துவதாகச் சொன்னார். சொன்னது நல்லதுதான். ஆனால் எங்களைப் போல அகதியாக ஓடியவர்களுக்கு அந்த அட்டை மறக்காது.

உங்களிடம் கேட்பது இரண்டு காரியம். 1985இல் மொன்பெலியேயில் உங்களைத் தொடங்கியவர்களில் ஒருவரின் குடும்பம் எங்கிருந்து எங்கே போனது என்பதை உங்கள் வரலாற்றில் நீங்களே முழுமையாக எழுதுங்கள். தமிழ் ஊடகவியலாளர் கொலைகள் பற்றிய உங்கள் அறிக்கைகளைக் கொழும்பில் தட்டிக்கழிக்க நினைப்பவர்களுக்கு அந்த மௌனம் வசதியாகிவிடக்கூடாது. மற்றது, நகரசபைப் பணத்தில் அச்சாகும் இதழ்களையும் கண்காணியுங்கள். சீநியூஸ் என்ற பிரெஞ்சுச் செய்தித் தொலைக்காட்சி பல தரப்புக் கருத்துகளுக்கும் இடம் தருகிறதா என்ற விவகாரத்தில் நீங்கள் வழக்காடித்தான், 2024 பெப்ரவரி 13 அன்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஒளிபரப்பு ஒழுங்காற்று ஆணையத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. சொந்த நாட்டில் கேள்வி கேட்கும் துணிவு உங்களிடம் இருக்கிறது. பெசியேயில் தொடங்குங்கள்.

மதிப்புடன்,
உங்கள் அறிக்கைகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஈழத்தமிழன்