சுத்தியலை எடுக்கும் முன் இரண்டு கேள்விகள்: நரம்பியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நரம்பியல் மருத்துவர்களுக்கு வணக்கம்.

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயுடன் 9 ஆண்டுகளாக வாழ்ந்துவருபவள் நான். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் மருத்துவரின் விரல் நுனியைக் கண்ணால் தொடர்ந்திருக்கிறேன்; முழங்காலில் சுத்தியல் பட்டதும் கால் எவ்வளவு துள்ளுகிறது என்று அவரோடு சேர்ந்து நானும் பார்த்திருக்கிறேன்; ஓர் அடியின் குதிகால் மறு அடியின் விரலைத் தொட, நேர்கோட்டில் நடந்து காட்டியிருக்கிறேன். மனம் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருமுறைகூட யாரும் கேட்டதில்லை. நானாகவே சொன்ன அன்றும், "இப்படியொரு நோய் வந்தால் யாருக்குத்தான் கவலை இருக்காது" என்ற ஆறுதலோடு பேச்சு முடிந்துவிட்டது.

அன்போடு சொல்லப்பட்ட அந்தச் சொல்லை நம்பித்தான் ஈராண்டுக் காலம் சிகிச்சை எதுவும் தேடாமல் இருந்தேன். இந்நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்பதும், நோயை எண்ணி வரும் துயரம் மட்டுமல்ல, நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை அரிக்கும் அதே அழற்சியும் மூளையில் விழும் தழும்புகளும் அதற்குக் காரணமாகலாம் என்பதும் நீங்கள் அறியாதவை அல்ல. 1868இல் இந்நோயை விவரித்த பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோவே நோயாளிகளின் மனமாற்றங்களையும் குறித்து வைத்திருக்கிறார். அப்படியிருந்தும், நோயின் கடுமையை அளக்க நீங்கள் பயன்படுத்தும் இ.டி.எஸ்.எஸ். அளவுகோலின் உயர்ந்த படிகளில் நோயாளிக்குத் தரப்படும் எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நடைதான்.

களைப்பு, தூக்கக் குறைவு, கவனச் சிதறல் மூன்றும் இந்நோய்க்கும் உண்டு, மனச்சோர்வுக்கும் உண்டு. எது எதனுடையது என்று நோயாளியால் பிரித்துச் சொல்ல முடியாது, கேட்டால்தான் தெரியவரும். நோய் திடீரென முற்றும்போது ஏற்றப்படும் ஸ்டீராய்டு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அலமாரியைக் கலைத்து அடுக்க வைத்ததையும், மருந்து நின்ற வாரத்தில் பல் துலக்கக்கூட எழ முடியாமல் கிடந்ததையும் நான் மருத்துவரிடம் சொன்னதில்லை. கிறுக்குத்தனம் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்தான்.

ஆகவே நான் கேட்பது பெரிய ஏற்பாடு எதுவுமல்ல. சென்ற இரண்டு வாரங்களில் மனம் வாடிக் கிடந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொரு சந்திப்பிலும் கேளுங்கள். ஆம் என்ற பதில் வந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பதையும் தயங்காமல் கேட்டுவிட்டு, மனநல மருத்துவரிடம் நீங்களே அனுப்பிவையுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்நோயாளிகளுக்குத் தொலைபேசி வழியாகத் தரப்பட்டபோதும் பலன் தந்திருக்கிறது. நடக்க முடியாதவரும் அதைப் பெறலாம். காரணமின்றிப் பீறிடும் அழுகையும் சிரிப்பும் மனச்சோர்விலிருந்து வேறானவை, அவற்றுக்குத் தனி மருந்து உண்டு என்பதை வீட்டாருக்கும் ஒருமுறை விளக்குங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் பரிசோதனைக்கு வருகிறேன். இம்முறை அந்தக் கேள்விகள் வராவிட்டால், பதில்களை நானே ஒரு தாளில் எழுதி எம்.ஆர்.ஐ. படங்களுக்கு மேலாக வைத்துக் கொடுப்பதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளுள் ஒருத்தி