துணுக்காய் நண்பனுக்கு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஆரம்பப் பிரிவு உன் பொறுப்புக்கு வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். இங்கே கிளிநொச்சியில் காலபோக விதைப்பு முடிந்து மழை பிடித்துவிட்டது. உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும், பிள்ளைகளின் வரவும் குறைந்திருக்கும்.

மூளை ஆராய்ச்சியிலிருந்து வகுப்புக்கு எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒன்றை மட்டும் தொடங்குவதென்றால், காலையில் கொப்பியை மூடிவைத்துக் கேள்வி கேட்பதைத் தொடங்கு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள். நாங்கள் மீட்டல் என்று செய்வது பெரும்பாலும் திரும்பச் சொல்லிக்கொடுப்பதுதான். அன்றைக்குப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தமாதிரி இருக்கும், தவணைப் பரீட்சையில் நிற்காது.

பத்து நிமிடம் போதும். ஐந்து கேள்வி: இரண்டு நேற்றையது, இரண்டு போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. எல்லாரும் சிலேட்டிலோ பழைய கொப்பித் தாளிலோ எழுதவேண்டும். கூட்டாகச் சொல்லவிட்டால் நாலு பேரின் குரலுக்குள் மற்றவர்கள் ஒளிந்துவிடுவார்கள். கேட்டபின் மனதுக்குள் மூன்று எண்ணு. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் அளந்தபோது ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியானதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. எழுதி முடிந்த கையோடு விடையைச் சொல்லிவிடு, பிழை மனதில் இறுகக்கூடாது. புள்ளி மட்டும் போடாதே. போட்டால் பக்கத்துச் சிலேட்டைப் பார்ப்பார்கள், நினைவுபடுத்தும் வேலையே நடக்காது. பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைவிட்டால் அது மறதி இல்லை, விளங்கவில்லை என்று எடுத்துக்கொள். கேள்வியை நிறுத்திப் பாடத்தைத் திரும்பப் படிப்பி.

தரம் 3உம் 4உம் ஒரே அறையில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இது இன்னும் தோதானது. கேள்விகளை மட்டையில் எழுதி, விடையைப் பின்பக்கம் போட்டுவிடு. ஒரு தரம் அதைச் செய்யும்போது மற்றதுக்குப் புதுப்பாடம் நடத்தலாம்.

சொல்வதெழுதலில் ஒரு கவனம். எங்கள் பேச்சில் ழவும் ளவும் ஒன்றாகவே ஒலிக்கும், காதை நம்பி எழுதும் பிள்ளை தப்பமுடியாது. தனிச்சொல்லாகச் சொல்லாதே, வசனத்தில் கொடு: “குளத்தில் வாளை பிடித்தார்கள்”, “வளவில் வாழை குலை போட்டது”. முதலில் ஒவ்வொரு எழுத்தையும் தனியே படிப்பித்து, பிறகு ல, ள, ழ மூன்றையும் கலந்து கொடு. ஒரு பக்கம் முழுக்க ழ என்றால் பிள்ளை தெரிவு செய்யப் பழகாது. கலந்தவுடன் பிழை கூடும், பயந்து பழையதுக்குப் போகவேண்டாம்.

கணிதத்தில் சிக்கல் வேறு. வளர்ந்தவர்களே ஒரே நேரத்தில் ஏறத்தாழ நாலு விடயத்தைத்தான் மனதில் பிடிக்கலாம் என்று உளவியலாளர் கோவன் 2001இல் எழுதினார். பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. 402இலிருந்து 178ஐக் கழிக்கும்போது பத்தினிடத்தில் பூச்சியம், கடன் நூறினிடத்திலிருந்து வரவேண்டும், இடையில் 10 ஆகி 9 ஆகவேண்டும். அங்கேதான் பிள்ளை விழும். முழுதாகச் செய்த ஒரு கணக்கைப் பலகையில் விட்டுவை. அடுத்ததில் கடன் எடுத்தது வரை நீ செய்து கொடு, கழித்தலை அவர்கள் முடிக்கட்டும். அதற்குப் பிறகு தனியே விடு. வாய்ப்பாடு மனதில் இல்லாத பிள்ளைக்கு நீள்வகுத்தல் இப்போதே வேண்டாம். அவர்கள் பார்த்து எழுதும்போது நீ பேசாதே.

பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லி யாராவது கருத்தரங்கு வைத்தால் நேரத்தைக் கொடுக்காதே. 2008இல் உளவியலாளர் பஷ்லரும் கூட்டாளிகளும் அலசிப் பார்த்தபோது அதற்குப் போதிய சான்று இருக்கவில்லை.

உன் ஆசிரியர்களிடம் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்காதே. இந்தத் தவணை காலைக் கேள்வி மட்டும். ல, ள, ழ வசனங்கள் கொஞ்சம் எழுதி அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். தரம் 3இல் எந்தச் சொற்களில் பிழை கூடுகிறது என்று எழுது, அதற்கேற்ற மாதிரிச் சேர்க்கலாம்.

அன்புடன்,
உன் மச்சான்