அந்த ஒரு ஏக்கரை எங்கள் அம்மா பெயரில் எழுத வைத்தவர்களுக்கு

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவுக்கும், 2013-இல் மறைந்த ஜெகந்நாதன் ஐயாவுக்கும், நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தர அவர்கள் தொடங்கிய லாப்டி இயக்கத்தில் அவர்களோடு ஊர் ஊராக நடந்த அத்தனை பேருக்கும் கீழ்வேளூர் பக்கத்திலிருந்து வணக்கம்.

எங்கள் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவருக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழ்வெண்மணியில் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலச்சொந்தக்காரர்களின் ஆட்கள் ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதிலிருந்து வளர்ந்த பகை அது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் இந்தப் பக்கம் வந்தார்கள், வருத்தப்பட்டார்கள், திரும்பிப் போனார்கள். நிலத்தைத் தானமாகக் கேட்டு ஊர் ஊராகப் போன பூதான இயக்கத்தில் வினோபாவோடு நடந்த நீங்கள் இருவரும் இங்கேயே தங்கிவிட்டீர்கள். வந்தவர்கள் தங்கியதற்கே முதல் நன்றி சொல்ல வேண்டும்.

1981-இல் லாப்டியைத் தொடங்கினீர்கள். மிராசுதாரரையும் கூலிக்காரரையும் எதிரெதிரே உட்கார வைத்து நியாயமான விலை பேசுவது, அந்த விலைக்குக் கடன் ஏற்பாடு செய்வது, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஈடு வைக்க ஒரு குண்டுமணி இல்லாத நடவுக்காரப் பெண்ணை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஆரம்பத்தில் வங்கிகள் தயங்கின. முத்திரைத்தாள் செலவோ மலைப்பாக இருந்தது. அப்படியும் விடாமல் அலைந்து, 2007-க்குள் சுமார் 13,000 ஏக்கர், சுமார் 13,000 குடும்பங்களின் கைக்கு வந்துவிட்டது. அதில் ஒன்று எங்களுடையது.

பத்திரப்பதிவு அன்று அம்மாவோடு நானும் போயிருந்தேன். அம்மா கட்டியிருந்தது சித்தியிடம் இரவல் வாங்கிய புடவை. இடது கட்டைவிரலில் மை தடவி அழுத்தச் சொன்னார்கள். உள்ளே போகும் முன்பே அப்பா கேட்டுவிட்டார்: "எம் பேரு போடலையா?" கூட வந்திருந்த லாப்டி அக்கா, "இல்லண்ணே, பொம்பளை பேர்லதான் பதியுறோம். நிலம் நிலமா நிக்கணும்ல" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீடு வந்து சேரும்வரை பேசவே இல்லை.

அந்த அக்கா யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மடலில் ஒருவருக்கு மட்டும்தான் நன்றி சொல்லலாம் என்றால் அவருக்குத்தான் சொல்வேன். அப்புறம் எத்தனையோ முறை, குடிக்கடன் ஏறியபோதும் அத்தை கல்யாணத்தின்போதும், நிலத்தை விற்றுவிடலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா "மாட்டேன்" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. பத்திரம் அவர் பெயரில் இருந்ததால்தான் அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம். சம்பா போடுவதா, அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளிப்பதா, என்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்துவதா என்பதெல்லாம் அவர் தீர்மானமாக ஆனது. நான் நிற்கவில்லை, செவிலியர் படிப்பு முடித்து இன்று அரசு வேலையில் இருக்கிறேன்.

எங்களுடையது கடைமடை. தண்ணீர் வந்தால்தான் சாகுபடி. வேலை இல்லாத மாதங்களுக்கென்று பாய் பின்னல், தையல், தச்சு, கொத்து வேலை எல்லாம் லாப்டி சொல்லிக் கொடுத்தது. நிலத்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று ஒதுங்காமல், அதை விற்காமல் பிழைக்கவும் வழி காட்டியவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி நிலத்தடி நீர் உப்பானபோது, ஜெகந்நாதன் ஐயாதான் உச்ச நீதிமன்றம் வரை போனார். எண்பது வயதை ஒட்டிய மனிதர்! 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. தீர்ப்பு வந்ததாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனாலும் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து விடுபவரிடம் எதிர்த்துக் கேட்கும் தைரியம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிலிருந்துதான் வந்தது. அந்த வழக்கை நடத்திய வழக்கறிஞர்களுக்கும், வெயிலில் மறியலுக்கு உட்கார்ந்த மீனவப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

2008-இல் உங்கள் இருவருக்கும் சுவீடனின் வாழ்வுரிமை விருது கிடைத்தது. 2020-இல் கிருஷ்ணம்மாள் அம்மாவுக்குப் பத்மபூஷண். விருது உங்களுக்குத்தான், ஆனால் இனிப்பு எங்கள் தெருவில்தான் கொடுத்தார்கள்.

விலையைக் குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட நிலச்சொந்தக்காரர்கள் சிலரும் உண்டு. அவர்களுக்கும் நன்றி. தயக்கத்தை விட்டுக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட வங்கி அலுவலருக்கும் நன்றி. தவணை கட்டத் தவறிய வருடம் எங்களுக்காகப் போய்ப் பேசிய பக்கத்துத் தெரு மகளிர் குழுவினருக்கும் நன்றி.

அந்த லாப்டி அக்கா இதைப் படித்தால், அல்லது யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால், தை மாதம் ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள் அக்கா. அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். புது நெல் சோறு ஆக்கி வைக்கிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
நிலம் பெற்ற ஒரு தாயின் மகள்
கீழ்வேளூர் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்