தம்பிக்கு, நீ அனுப்பும் பணத்தைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பணப் பேச்சை எடுத்தாலே "அதெல்லாம் பார்த்துக்கலாம்க்கா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அம்மா பக்கத்தில் இருந்தால் எனக்கும் வாய் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நம்ம சேலம் பக்கம் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் கொலுசுப் பட்டறையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டுக்கும் இது பொருந்தும் என்பதால், எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நீ வாங்கும் சம்பளம் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பாதே. ஒரு பங்கை உன் பெயரிலேயே போட்டு வை.

அப்பாவின் பாஸ்புக்கில் மாதாமாதம் நான்தான் என்ட்ரி போட்டு வருகிறேன். அதைப் பார்த்தாலே நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துவிடும். தொகை கூடியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருக்கிறாய். குறைந்திருந்தால் மழையில் சைட் நின்றிருக்கும், இல்லாவிட்டால் உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பாய். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நீ அனுப்பியது வழக்கத்தைவிட ரொம்ப அதிகம். அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பொதுவாக ஓவர்டைம் மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு அடிப்படைச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். சம்பளச் சீட்டை வாங்கி அப்படியே மடித்து வைக்காமல் ஒவ்வொரு மாதமும் கணக்குப் பார்.

ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடன் தீரும் வரை எல்லாவற்றையும் அனுப்பியது சரிதான். வட்டி ஏறிக்கொண்டிருந்தது, வேறு வழியில்லை. அது தீர்ந்த பிறகும் அதே தொகை வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. மாடிக்குக் கம்பி, சித்தி வீட்டு வளைகாப்புக்குச் சீர், அப்புறம் கைமாற்று. இந்தக் கைமாற்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பையன் சிங்கப்பூர்ல இருக்கான்ல" என்று யாராவது திண்ணையில் வந்து உட்கார்ந்தால் அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியாது. வியாபாரி கொடுக்கிற வெள்ளியை வாங்கிப் பற்றவைத்து, கூலிக்கே காலம் தள்ளிய மனிதர். இப்போதுதான் ஊரில் நாலு பேர் தன்னைத் தேடி வருகிறார்கள் என்ற பெருமை அவருக்கு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு உன் முதுகுதான் வலிக்கிறது.

உன் வொர்க் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. கம்பெனிக்கு வேலை குறைந்தாலோ, பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, வேறு முதலாளி கிடைக்காவிட்டால் நீ ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அப்படி வந்து நிற்கும் நாளில் உன் கையில் என்ன இருக்கும்? மாடியில் பாதிச் சுவர் இருக்கும். மறுபடி ஒரு ஏஜென்ட், மறுபடி ஒரு கடன் என்று நீ போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்தது, அனுப்பும் வழி. அங்கே தேக்கா பக்கம் பணம் அனுப்பும் ஒரு கடையில் கட்டணமே கிடையாது என்றாய். கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் கடை ரேட்டில் எடுத்துக்கொள்ளும். டாலருக்கு 50 காசு குறைத்தால் 1,000 டாலருக்கு 500 ரூபாய் போச்சு. அம்மாவுக்கு ஒரு மாத மாத்திரைச் செலவு அது. அதனால் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதே. "1,000 டாலர் கொடுத்தால் ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?" என்று இரண்டு மூன்று இடத்தில் ஒரே நாளில் கேள். அதிகம் விழும் இடத்தில் அனுப்பு. 2023 பிப்ரவரி 21 முதல் போனிலேயே பணம் அனுப்பும் சிங்கப்பூரின் பேநவ் முறையையும் நம்மூர் யுபிஐயையும் இணைத்திருக்கிறார்கள். உன் வங்கியும் அப்பாவின் வங்கியும் அதில் சேர்ந்திருந்தால் போனிலேயே அனுப்பலாம். அந்த ரேட்டையும் சேர்த்துப் பார்.

ரூமில் இருக்கும் பையன்கள் உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலமாகப் பணம் அனுப்பும் வழியில், போடச் சொல்கிறார்கள் என்றாயே, அது மட்டும் வேண்டாம் சாமி. ரேட் கொஞ்சம் கூடக் கிடைக்கும், பணம் ராத்திரியே வீடு தேடி வரும். வராத அன்றைக்கு யாரிடம் போய்க் கேட்பாய்? ரசீது கிடையாது, புகார் கொடுக்க வழி கிடையாது. இங்கே அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம், அங்கே உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது குற்றம். நாளைக்கு நீ வீட்டுக் கடனுக்குப் போனால், இத்தனை வருஷம் சம்பாதித்தாய் என்பதற்கு வங்கியில் வந்த பணம்தான் சாட்சி பேசும்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். நீ போவதற்கு முன் சேலத்தில் தொடங்கிய சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போனவர் அதைச் சாதாரணக் கணக்காகவே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதிப்பதைப் போட்டு வைக்கத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு இருக்கிறது. அதில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அவசரம் என்றால் அந்தப் பணத்தைத் திரும்ப அங்கேயே எடுத்துக்கொள்ளவும் முடியும். என்.ஆர்.ஓ. வட்டிக்கு வரி பிடிப்பார்கள், ஆகவே இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. அப்பா அம்மாவுக்கு நீ குடும்பச் செலவுக்காக அனுப்புவதற்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. வரி வருமோ என்றுதான் அப்பா பயந்துகொண்டிருந்தார், சொல்லிப் புரியவைத்துவிட்டேன்.

அந்த என்.ஆர்.இ. கணக்கில் வேறு யார் பெயரையும் சேர்க்க வேண்டாம். என் பெயரும் வேண்டாம். நாமினியாக அம்மாவைப் போடு, அது போதும். கல்யாணம் ஆனதும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்பாவிடம் பேசிவிட்டேன். மாடி வேலையைத் தை வரை நிறுத்தி வைக்கச் சம்மதித்தார். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது, ஆனாலும் "அவன் பேர்லயும் இருக்கட்டும், சரி" என்றார். வீட்டுச் செலவுக்கு இப்போது அனுப்புவதில் பாதி வந்தால் போதும், நான் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். பாஸ்போர்ட் நகல், வொர்க் பெர்மிட் நகல், அங்கே தங்கியிருக்கும் முகவரிக்கு ஒரு சான்று, மூன்றையும் எடுத்து வை. வங்கியில் படிவம் வாங்கி வந்து, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலில் குறித்து அனுப்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போகாமல் இந்த வேலையை முடி.

அன்புடன்,
அக்கா